ஜானிஸரிக்குத் தாடி இல்லை



அன்பின் ஊர்மக்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வாசித்து முடித்த பிறகு ஏசுவதென்றால் ஏசுங்கள்.

இரண்டு மூன்று கிழமையாக எங்களைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. "சேர்மார் சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பொம்மை விளையாடுகிறார்களாம்" என்கிறார்கள் சிலர். "உருவம் செய்கிறார்களாம்" என்கிறார்கள் வேறு சிலர். "வாள் பிடித்த சிப்பாய்களாம், 2019 மறந்துபோச்சா?" என்று ஒரு தாய் அழாத குறையாகக் கேட்டார். இவை எல்லாவற்றையும் விட எங்களைத் தைத்தது ஒரு வாப்பா சொன்ன வார்த்தை. "நம்மட கிலாபத்தை நம்மட பிள்ளைகளிடமே குறை சொல்லிக் கொடுக்கிறீங்களே, இது நியாயமா சேர்?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு. எங்களுக்கு என்றால், வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர் இருவருக்கும், எங்களிடம் படித்து இப்போது வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவருக்கும்.

முதலில் நாங்கள் செய்வது என்னவென்று சொல்லிவிடுகிறோம். உஸ்மானியப் பேரரசின் சிப்பாய்களைச் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் உருவங்களாகச் செய்து விற்கும் நிறுவனங்கள் உலகில் பல உண்டு. ரஷ்யாவின் ஸ்வெஸ்தா நிறுவனம் வெளியிட்ட ஜானிஸரிப் பெட்டி அவற்றில் பெயர் பெற்ற ஒன்று. 1/72 என்ற அளவு. அதாவது உண்மை மனிதனின் உயரத்தில் 72இல் ஒரு பங்கு. நிற்கும் சிப்பாய் இரண்டரை சென்றிமீற்றர்கூட வரமாட்டான். சாம்பல் நிறத்தில் வரும் அந்த உருவங்களுக்கு நிறம் பூசி, மேசையில் அணிவகுத்து, அளவுநாடாவால் அளந்து நகர்த்தி, பழைய போர்களைத் திரும்ப நடத்திப் பார்ப்பது உலகம் முழுவதும் பெரியவர்களே ஈடுபடும் ஒரு பொழுதுபோக்கு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரஷ்ய இராணுவ அதிகாரிகள் இப்படி மேசையில் போர் பழகினார்கள். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் இதற்கென்று விதிகள் எழுதி ஒரு புத்தகமே போட்டார். சின்னப் போரை விளையாடிப் பார்த்தவனுக்குப் பெரிய போர் எவ்வளவு மடத்தனமானது என்று விளங்கும் என்பது அவருடைய வாதம். அடுத்த வருடமே முதலாம் உலகப் போர் தொடங்கிவிட்டது.

எங்கள் கைக்கு முதல் பெட்டி வந்தது கட்டாரில் இருக்கும் உறவுக்காரர் ஒருவர் மூலமாக. அந்தப் பெட்டியில் நாங்கள் செய்த கூத்தைக் கேளுங்கள்.

துருக்கித் தொப்பி என்றால் சிவப்பு. இது நமக்குப் பிறந்த நாளிலிருந்து தெரியும். கல்யாண மாப்பிள்ளையின் தலையில் பார்த்திருக்கிறோம். ரி.பி. ஜாயா, சேர் ராசிக் பரீத் ஆகியோரின் படங்களில் பார்த்திருக்கிறோம். ஆகவே ஜானிஸரிகளின் நீண்ட தொப்பிக்கெல்லாம் சிவப்பு அடித்தோம். பிறகு முகங்களைப் பார்த்தோம். மீசை மட்டும்தான் இருந்தது. கிலாபத்தின் படைவீரன் தாடி இல்லாமல் இருப்பானா? செய்தவன் விட்டுவிட்டான் என்று நினைத்து, மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொருவனுக்கும் கறுப்புத் தாடி வரைந்தோம். மாஷா அல்லாஹ், என்ன அழகு என்று படம் எடுத்துச் சொந்தக்காரருக்கெல்லாம் அனுப்பினோம்.

அத்தனையும் பிழை.

ஜானிஸரியின் தொப்பிக்கு 'பொர்க்' என்று பெயர். அது வெள்ளைக் கம்பளத் தொப்பி. பின்பக்கம் மடிந்து கழுத்துக்குக் கீழே தொங்கும். நெற்றிக்கு மேலே உள்ள உலோகக் கூட்டில் ஒரு கரண்டியைச் செருகிக்கொள்வார்கள். ஆம், சோறு, சூப் உண்ணும் மரக் கரண்டி! ஒரே அண்டாவில் சேர்ந்து உண்பவர்கள் என்பதுதான் அவர்களுடைய பெருமை. படைப்பிரிவுத் தலைவனின் பதவிப் பெயரே 'சொர்பாஜி', அதாவது சூப்காரன். அண்டாவைக் கவிழ்த்துப் போட்டால் சுல்தானுக்கு எதிராகக் கலகம் என்று பொருள். சாதாரண ஜானிஸரிக்குத் தாடி வளர்க்க அனுமதி கிடையாது, மீசை மட்டும்தான். சிலையைச் செய்தவன் படித்துவிட்டுத்தான் செய்திருந்தான். படிக்காதது நாங்கள்.

அன்று வரைந்த தாடிகளை மறுநாள் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தோம். சுரண்டும்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. உஸ்மானியர்களைப் பற்றி எத்தனை ஜும்ஆப் பயான் கேட்டிருக்கிறோம், எத்தனை பதிவு பகிர்ந்திருக்கிறோம்! ஒரு ஜானிஸரியின் தலையில் என்ன இருந்தது, முகத்தில் என்ன இருந்தது என்பதுகூட எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நாங்கள் நேசித்தது நாங்களே வரைந்துகொண்ட ஒரு படத்தை.

அப்படியானால் சிவப்புத் தொப்பி எங்கிருந்து வந்தது? தேடினோம். 1826 ஜூன் மாதம், இரண்டாம் மஹ்மூத் சுல்தான் தன் ஜானிஸரிப் படையைத் தானே அழித்தார். புதிய முறைப் படையை எதிர்த்து அவர்கள் அண்டாவைக் கவிழ்த்தபோது, இஸ்தான்புல் நகருக்குள்ளேயே அவர்களுடைய முகாமைப் பீரங்கியால் தகர்த்தார். ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். உஸ்மானிய அரசு அதற்கு 'நற்பேறான நிகழ்வு' என்று பெயர் வைத்தது. அதன் பிறகு உருவாக்கிய புதிய படைக்குத்தான் பெஸ் தொப்பி வந்தது. 1829இல் அரச ஊழியருக்கும் அதுவே சட்டமானது. தலைப்பாகையை எடுத்துவிட்டு இதைப் போடுவதா என்று அன்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். நூறு வருடம்கூட ஆகவில்லை, 1925 நவம்பரில் முஸ்தபா கமால் அதே தொப்பியைச் சட்டம் போட்டுத் தடை செய்தார். இப்போது அதைக் கழற்ற மாட்டோம் என்று எதிர்த்தவர்களில் சிலர் தூக்குமேடை ஏறினார்கள்.

ஆகவே கொன்ஸ்தாந்திநோபிளை 1453இல் வென்ற சிப்பாயின் தலையில் நாங்கள் பூசிய சிவப்பு, கிட்டத்தட்ட நானூறு வருடம் முந்திப்போய் உட்கார்ந்த சிவப்பு.

இந்த இடத்தில் நம் சொந்தக் கதையும் வருகிறது. எகிப்தின் அறபி பாஷா 1883 ஜனவரியில் நாடு கடத்தப்பட்டுக் கொழும்பு வந்து இறங்கினார். 1901 வரை இந்த மண்ணில் இருந்தார். 1892இல் ஸாஹிராவாக வளர்ந்த கல்விக்கூடம் தொடங்குவதற்குத் துணை நின்றார். அவருடைய தலையிலும் அந்தச் சிவப்புத் தொப்பிதான். அதைப் பார்த்துத்தான் நம்மவர்கள் தொப்பியை விரும்பினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1905இல் வழக்கறிஞர் எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்றியபோது தலைமை நீதியரசர் லேயார்ட் அனுமதிக்கவில்லை. அந்த வருடக் கடைசி நாளில் மருதானைப் பள்ளிவாசல் வளாகத்தில் நம் முன்னோர் திரண்டு உரிமை கேட்டார்கள், கேட்டதைப் பெற்றார்கள். இது நமக்குப் பெருமையான வரலாறு. நாங்கள் இதை ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டோம்.

ஆனால் இதோடு சேர்த்து இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா? 1882இல் அறபி பாஷா பிரித்தானியரை எதிர்த்து நின்றபோது, அந்தச் செப்டெம்பர் மாதத்திலேயே அவரைக் கலகக்காரர் என்று அறிவித்தவர் வேறு யாருமல்ல, உஸ்மானியக் கலீபா இரண்டாம் அப்துல் ஹமீத். நாம் மதிக்கும் பாஷாவும் நாம் மதிக்கும் கலீபாவும் எதிரெதிர்ப் பக்கம். இதைக் கேட்ட ஒரு பிள்ளை, "அப்ப யாரு சரி சேர்?" என்று கேட்டது. அந்தக் கேள்விக்காகத்தான் வரலாறு படிப்பிக்கிறோம். "யாரு நம்ம ஆள் சேர்?" என்று கேட்கும் பிள்ளையை விட, "யாரு சரி?" என்று கேட்கும் பிள்ளை ஒரு படி மேலே நிற்கிறது.

நிறம் பூசும் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. பார்க்காதவர்களுக்கு அது விளையாட்டாகத் தெரியும். முதலில் உருவங்களைப் பாத்திரம் கழுவும் திரவத்தில் அலச வேண்டும். அச்சில் பூசிய எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயின்ட் பிடிக்காது, பிடித்தாலும் உரிந்துவிடும். பிறகு பிளேடால் அச்சுக் கோட்டைச் சீவி, போத்தல் மூடியில் ஒட்டிக்கொண்டு, ஒரு அடிப்பூச்சு. காய்ந்ததும் உடுப்பு, இடைவாரு, தோல், வாள் என்று ஒவ்வொன்றாகப் பூச வேண்டும். அதன்மேல் தண்ணீராய்க் கரைத்த கபில நிறத்தை ஓடவிட்டால், அது மடிப்புகளுக்குள் இறங்கி நிழலாக நின்றுவிடும். மேடான இடங்களில் கொஞ்சம் வெளிர் நிறம். கடைசியில் பளபளப்பில்லாத வார்னிஷ். அடிக்கட்டைக்கு வெள்ளைப் பசையில் கடற்கரை மணலும் சாயம் போட்ட மரத்தூளும். ஒரு சிப்பாய்க்கு ஒரு மணித்தியாலம். வகுப்பில் பத்து நிமிடம் அடங்கி இருக்காத ஒரு பையன் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு மில்லிமீற்றர் மீசை வரைவதை வந்து பாருங்கள்.

நிறம் பூச வேண்டுமென்றால் நிறம் தெரிய வேண்டும். நிறம் தெரிய வேண்டுமென்றால் தேட வேண்டும். உஸ்மானியர்களே தங்கள் படையை வரைந்து வைத்திருக்கிறார்கள். 1558இல் முடிந்த சுலைமான்நாமாவின் ஓவியங்கள் இன்றும் தொப்காபி அரண்மனையில் உள்ளன. 1582இல் நடந்த அரச விழாவை நக்காஷ் உஸ்மானும் அவருடைய குழுவினரும் வரைந்த ஓவியங்களில், தொழிலாளர் ஊர்வலம் முழுவதையும் காணலாம். பிள்ளைகள் இந்தப் படங்களைத் தொலைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். "சேர், இவன்ட அங்கி நீலம், பக்கத்தில உள்ளவன்ட சிவப்பு, எதைப் போடுறது?" என்று சண்டை பிடிக்கிறார்கள்.

அந்த அங்கித் துணியைத் தேடிப் போனபோது கிடைத்தது இன்னொரு கதை. ஜானிஸரிகளின் கம்பளித் துணியை நெய்து கொடுத்தவர்கள் சலோனிக்கா நகரத்து யூதர்கள். 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு, உஸ்மானிய மண்ணில் தஞ்சம் பெற்ற குடும்பங்கள். கலீபாவின் படைக்கு யூத நெசவாளியின் துணி. இதை நாங்கள் சொல்லிக் கொடுத்திருந்தால் ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டிருப்பார்கள். தாங்களே நீலம் பூசியதால் மறக்கமாட்டார்கள்.

1453ஐ மேசையில் அமைத்தபோதும் அப்படித்தான். மறுமலர்ச்சி பற்றிய பாடத்தில் கொன்ஸ்தாந்திநோபிளின் வீழ்ச்சி ஓரிரு வரியில் கடந்துபோகும். நாங்கள் ஏப்ரல் 6 தொடங்கி மே 29 வரை நடந்த முற்றுகையை நான்கு சனிக்கிழமை நடத்தினோம். 21 வயது சுல்தான் முஹம்மது பாத்திஹுக்குப் பெரிய பீரங்கியை வார்த்துக் கொடுத்தவர் ஓர்பான் என்ற ஹங்கேரியர், கிறிஸ்தவர். முதலில் பைசாந்தியப் பேரரசரிடம்தான் போனார். அங்கே கூலி கொடுக்கக் காசில்லை. சுல்தானின் படையில் சேர்பியக் கிறிஸ்தவக் குதிரைப்படை இருந்தது. மதிலுக்குக் கீழே சுரங்கம் தோண்டியவர்களும் சேர்பியச் சுரங்கத் தொழிலாளர்கள். மறுபக்கம், மதிலுக்கு உள்ளே நகரைக் காத்து நின்றவர்களில் ஓர்ஹான் என்ற உஸ்மானிய இளவரசரும் அவருடைய துருக்கியரும் இருந்தார்கள். பிள்ளைகள் சிப்பாய்களை இரண்டு நிறமாகப் பிரித்து வைக்கப் பார்த்தார்கள். பிரிக்க முடியவில்லை.

அடுத்து 1516. அலெப்போவுக்கு வடக்கே மர்ஜ் தாபிக் சமவெளி. ஒரு பக்கம் ஸலீம் சுல்தானின் ஜானிஸரிகளும் பீரங்கிகளும். மறுபக்கம் கான்சூ அல் கூரியின் மம்லூக் குதிரைவீரர்கள். தரம் 9 படிக்கும் ஒரு பையன் மம்லூக் பக்கம் எடுத்தான். பாதி விளையாட்டில் நிறுத்திவிட்டுக் கேட்டான், "சேர், ரெண்டு பக்கமும் முஸ்லிம்களா?" ஆம் என்றோம். "அப்ப ஷஹீத் யாரு?" என்றான். நாங்கள் வாய் திறக்கவில்லை. மம்லூக் சுல்தான் அன்று களத்திலேயே இறந்தார். அடுத்த வருடம் கெய்ரோ வீழ்ந்தது. மக்காவும் மதீனாவும் உஸ்மானியர் பாதுகாப்புக்குள் வந்ததும் அந்த வெற்றியால்தான். அந்த வெற்றிக்கு விலை முஸ்லிம்களின் உயிர். இரண்டும் உண்மை.

இனி அந்த வாப்பாவின் கேள்விக்கு வருகிறோம். அவருக்குக் கோபம் வந்தது 'தெவ்ஷிர்மே' பற்றிப் பிள்ளை வீட்டில் போய்க் கதைத்ததால். ஜானிஸரி என்ற பெயர் 'யெனி செரி', புதிய படை என்ற துருக்கிச் சொல்லிலிருந்து வந்தது. அந்தப் படைக்கு ஆள் எடுத்த முறைதான் தெவ்ஷிர்மே. பால்கன் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து ஆண்பிள்ளைகளை அரசு எடுத்துக்கொண்டு போகும். இஸ்லாத்துக்கு மாற்றி, துருக்கிக் குடும்பங்களில் வளர்த்து, பயிற்சி கொடுத்துப் படையிலும் அரண்மனையிலும் சேர்க்கும். இந்த வழியால் வந்த ஒரு பையன் மிமார் சினான். ஜானிஸரியாகப் போர்க்களங்களில் நின்றவர்தான் பிறகு சுலைமானியா பள்ளிவாசலையும் எதிர்னேயில் ஸலீமியா பள்ளிவாசலையும் கட்டினார். இன்னொரு பையன் ஸொகொல்லு மெஹ்மத் பாஷா. சேர்பியக் குடும்பத்துப் பிள்ளை, பேரரசின் தலைமை வஸீர் ஆனார். பிள்ளை முன்னுக்கு வரட்டும் என்று விரும்பிக் கொடுத்த பெற்றோரும் இருந்தார்கள். பொஸ்னியாவில் முஸ்லிம் குடும்பங்களே தங்கள் பிள்ளைகளையும் எடுக்கும்படி கேட்டு வாங்கிய சலுகையும் உண்டு.

இதையெல்லாம் சொன்னோம். ஆனால் பிள்ளையைக் கொடுக்க விரும்பாத உம்மாவும் இருந்தாள் என்பதையும் சொன்னோம். பிள்ளையை ஒளித்து வைத்தவள், பின்னால் ஓடியவள். அவளை விட்டுவிட்டு சினானை மட்டும் சொன்னால் அது வரலாறு அல்ல, விளம்பரம். மார்க்கத்தில் வற்புறுத்தல் இல்லை என்று மதரஸாவில் படித்த பிள்ளை, "அப்ப இது சரியா?" என்று கேட்கத்தான் செய்யும். கேட்காவிட்டால்தான் நாங்கள் பயப்பட வேண்டும்.

அந்த வாப்பாவிடம் நாங்கள் பணிவாகச் சொல்வது இதுதான். உங்கள் பிள்ளை பதினேழு பதினெட்டு வயதில் இணையத்தில் இதைத் தானாகவே வாசிக்கும். இஸ்லாத்தை வெறுப்பவன் எழுதியதாக வாசிக்கும். "என்ட வாப்பாவும் சேரும் இதை எனக்கு மறைச்சிட்டாங்க" என்று அன்றைக்கு நினைத்தால் எந்தப் பெருமையும் மிஞ்சாது. எங்கள் மேசையில் வைத்துக் கேட்டுவிட்டால், அன்றைக்கு அந்தப் பிள்ளை தடுமாறாது. உஸ்மானியர்கள் நபிமார்கள் அல்லர். மனிதர்கள். நல்லதும் செய்தார்கள், அநியாயமும் செய்தார்கள். உஸ்மானியரின் பிழையைச் சொல்வதால் இஸ்லாத்துக்கு ஒரு குறையும் வராது. உஸ்மானியரையே இஸ்லாம் என்று காட்டினால்தான் குறை வரும்.

1915ஐயும் இதே கண்ணால்தான் பார்க்கிறோம். கலிபோலியில் நின்ற சிப்பாய்களுக்குக் காக்கி பூசுகிறோம். தலையில் சிவப்புத் தொப்பி அல்ல, 'கபலக்' என்ற துணி சுற்றிய தலையணி. ஏப்ரல் 25 காலையில் முஸ்தபா கமாலின் 19ஆவது டிவிஷனில் இருந்த மூன்று ரெஜிமென்ட்களில் இரண்டில் அறபுச் சிப்பாய்களே அதிகம். எதிர்ப்பக்கத்தில் நம் நாட்டிலிருந்து போன தோட்டத்துரைமாரின் துப்பாக்கிப் படையும் ஜெனரல் பேர்ட்வூட்டின் மெய்க்காவலாக நின்றது. அந்த வீரத்தைச் சொல்கிறோம். அதே வருடம் அதே அரசின் கையால் லட்சக்கணக்கான ஆர்மீனியர்கள் ஊர்களிலிருந்து துரத்தப்பட்டு, கொல்லப்பட்டு, பாலைவன வழிகளில் பட்டினியால் மடிந்தார்கள். அதையும் சொல்கிறோம். அதே 1915இல்தான் நம் முன்னோரின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் இந்த நாட்டில் எரிக்கப்பட்டன. 1990ஐயும் 2014ஐயும் 2018ஐயும் கண்ட சமூகம் நாம். நமக்கு நடந்ததை உலகம் மறக்கக் கூடாது என்று கேட்கிறோம். அப்படியென்றால் மற்றவனுக்கு நடந்ததை நாம் மறைக்கலாமா?

மற்றக் குற்றச்சாட்டுகளுக்குச் சுருக்கமாகப் பதில்.

உருவம் பற்றி. நாங்கள் பத்வா கொடுக்கும் ஆட்கள் அல்ல. ஆரம்பிக்கும் முன்பே ஆலிம்களிடம் கேட்டோம். கருத்து வேறுபாடு உண்டு என்றார்கள். ஆயிஷா (ரழி) அவர்களிடம் விளையாட்டுப் பொம்மைகள் இருந்ததை ஹதீஸ் நூல்கள் சொல்வதைக் காட்டிச் சலுகை தந்தவர்களும் உண்டு, பேணுதலாக விலகி இரு என்றவர்களும் உண்டு. ஆகவே நாங்கள் எதையும் வீட்டில் காட்சிக்கு வைப்பதில்லை. தொழும் இடத்துக்குக் கொண்டுபோவதில்லை. விளையாடி முடிந்தால் பெட்டிக்குள் போய்விடும். மனம் ஒப்பாத பெற்றோரின் பிள்ளைகள் வரைபடம் வரைவார்கள், கூடாரமும் மதிலும் பீரங்கியும் செய்வார்கள். எங்கள் மேசையில் உள்ள மதில் முழுவதையும் அப்படியான இரண்டு பிள்ளைகள்தான் பிஸ்கட் பெட்டி அட்டையில் கட்டினார்கள்.

தாயக்கட்டை பற்றி. இந்த விளையாட்டு உலகில் தாயக்கட்டையால்தான் ஆடப்படுகிறது. அது கூடாது என்று நம் உலமாக்கள் சொல்வதை அறிவோம். நாங்கள் ஒன்று முதல் ஆறு வரை இலக்கமிட்ட அட்டைத் துண்டுகளைப் பால்மா டின்னில் போட்டுக் குலுக்கி எடுக்கிறோம். பந்தயம் இல்லை, காசு இல்லை. தோற்றவர் மேசையைத் துடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓஎல் பரீட்சை பற்றி. வரும் பிள்ளைகளின் வரலாற்றுப் புள்ளிகளை வந்து பாருங்கள் என்று மட்டும் சொல்கிறோம்.

கடைசியாக, 2019 பற்றி. அந்தத் தாயின் பயம் எங்களுக்கு விளங்கும். ஏன் தெரியுமா? ஏப்ரல் 21க்குப் பிறகு வந்த ஒரு இரவில் எங்கள் வீட்டிலும் இந்தப் பெட்டியை என்ன செய்வது என்று கதைத்தோம். கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பு அணிந்ததற்காக ஒரு பெண்ணைச் சிறையில் அடைத்த காலம் அது. பிறையும் வாளும் உள்ள பெட்டியைத் திறந்து பார்ப்பவர்களிடம் இது பொம்மை என்று எந்த மொழியில் விளங்கப்படுத்துவது? "வாவியில கொண்டுபோய்ப் போட்டுட்டு வாங்க" என்றார்கள் வீட்டில். போட்டோம். அறுபதுக்கு மேற்பட்ட சிப்பாய்கள். தாடி சுரண்டி, வெள்ளைத் தொப்பி பூசி, ஒவ்வொருவனுக்கும் கரண்டி வைத்த முதல் ஜானிஸரிகள் அத்தனையும் வாவிக்குள்.

திரும்பத் தொடங்க எங்களுக்கு மூன்று வருடத்துக்கு மேல் எடுத்தது. தொடங்கும்போது ஒரு முடிவு எடுத்தோம், மூடிய அறைக்குள் செய்வதில்லை. விறாந்தையில், கதவு திறந்து, வீதியால் போகிறவர் யாரும் எட்டிப் பார்க்கும்படி. பக்கத்துப் பாடசாலைத் தமிழ் ஆசிரியர் ஒருவர் வந்து பைசாந்தியப் பேரரசரின் பக்கம் எடுத்து விளையாடினார். சிங்கள நண்பர் ஒருவர் தன் மகனோடு வந்தார். அந்தப் பையன் வீட்டுக்குப் போகும்போது நெற்றியில் ஐஸ்கிரீம் கரண்டியைச் செருகிக்கொண்டு போனான். ஒளித்துச் செய்தால் வாளைத்தான் பார்ப்பார்கள். திறந்து செய்தால் கரண்டியையும் பார்ப்பார்கள்.

நம் இளைஞர்கள் பலரின் தொலைபேசியில் எர்துருல் படம் இருக்கிறது. நாங்களும் அந்தத் தொடரைப் பார்த்தோம், ரசித்தோம். ஆனால் எர்துருல் வாழ்ந்த காலத்துப் பதிவுகள் மிக மிகக் குறைவு. பெரும்பகுதி பிற்காலத்தில் எழுதியது, மீதி தொடர்காரர் சேர்த்தது. நாடகத்தை நாடகமாகப் பாருங்கள் என்றால் யாரும் கேட்பதில்லை. ஒரு சிப்பாயைக் கையில் கொடுத்து, "இவனுக்குச் சரியான நிறம் பூசு" என்றால் கேட்கிறார்கள். தேடுகிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், பிழை செய்தால் சுரண்டிவிட்டுத் திரும்பப் பூசுகிறார்கள். நம் சமூகத்துக்கு இன்றைக்குத் தேவையான பழக்கம் இந்தச் சுரண்டித் திருத்தும் பழக்கம்தான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

நம் பிள்ளைகள் உஸ்மானியர்களை நேசிக்கட்டும். ஆனால் தாங்களாக வரைந்த தாடியை அல்ல, உண்மையில் இருந்த முகத்தை நேசிக்கட்டும்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வாருங்கள். கேள்வி கேட்ட அந்த வாப்பாவுக்கு ஒரு கதிரை போட்டு வைத்திருக்கிறோம். பிரஷ்ஷும் உண்டு.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள அறிவையும், உண்மையைச் சொல்லும் துணிவையும், அதைத் தாங்கும் மனதையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.